தாஷ்கண்ட் சோறும் நான்கு எழுத்தும்

தாஷ்கண்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழுந்தன. அது எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டாள் அக்கா. அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டார் அம்மா. முதல் கேள்விக்குப் பதில் எளிது. உஸ்பெகிஸ்தானின் தலைநகரம், ஏறக்குறைய மூன்று மில்லியன் மக்கள் வாழும் நகரம், கோலாலம்பூரிலிருந்து ஏழெட்டு மணி நேர விமானப் பயணம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 2018ஆம் ஆண்டு முதல் 30 நாள் வரை விசா இல்லாமலேயே அங்குத் தங்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஊர்ச் சோற்றைப் பற்றி எழுதினால் எழுத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. காரணம் போகப் போகத் தெரியும்.

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில், ஆகஸ்ட்டுக் கடைசியில், நானும் என் அறைத்தோழியும் புறப்பட்டோம். அவள் மலாய்க்காரப் பெண். டியூசன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் என்னுடையது. இணையத்தில் துடுங் விற்றுச் சேர்த்த பணம் அவளுடையது. பழைய நகரத்தில், சோர்சு சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் ஏழு நாள் தங்கினோம். மண் சுவர் வீடு, நடுவில் முற்றம், முற்றத்தில் திராட்சைப் பந்தல், பந்தலுக்குக் கீழே கட்டில் போன்ற ஓர் அகன்ற மேடை. அதில்தான் சாப்பாடு, தேநீர், அரட்டை, மதியத் தூக்கம் எல்லாம்.

தாஷ்கண்ட் பழைய நகரமா புதிய நகரமா என்று கேட்டால் இரண்டும்தான். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் விடியற்காலை 5.23க்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து போனது. மூன்று இலட்சம் பேர் வீடிழந்ததாகச் சொல்கிறார்கள். அன்றைய சோவியத் ஒன்றியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் ஆள்கள் வந்து ஊரைத் திரும்பக் கட்டினார்கள். அதனால்தான் இவ்வளவு அகலமான சாலைகள், இவ்வளவு மரங்கள், வரிசை வரிசையாக அடுக்குமாடி வீடுகள். சாலையோரம் 'அரிக்' எனப்படும் சிறு வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. 35 பாகை வெயிலிலும் நடக்க முடிந்ததற்கு அந்த மரங்களும் வாய்க்கால்களுமே காரணம். நிலநடுக்க நினைவிடத்தில் ஒரு கருங்கல் கனசதுரம் இருக்கிறது. அதில் செதுக்கிய கடிகாரம் 5.23இல் நிற்கிறது. அங்கிருந்து தரையில் ஒரு வெடிப்பு நீண்டு, குழந்தையைக் கையில் ஏந்திய தாய், அவளைக் காத்து நிற்கும் ஆண் ஆகியோரின் சிலை வரை போகிறது. திருமணமான கையோடு மணமக்கள் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் மூன்று ஜோடிகள்!

பார்த்த இடங்களையெல்லாம் பட்டியல் போட்டால் சுற்றுலாத் துறையின் துண்டறிக்கை போலாகிவிடும். அமீர் தைமூர் சதுக்கம், தொலைக்காட்சிக் கோபுரம் எல்லாம் படத்தில் உள்ளபடியேதான் இருக்கின்றன. நிலத்தடி இரயில் நிலையங்களைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. மத்திய ஆசியாவின் முதல் நிலத்தடி இரயில் 1977இல் இங்குதான் ஓடத் தொடங்கியது. நிலையங்கள் அணுகுண்டுத் தாக்குதலின்போது மக்கள் பதுங்கும் இடங்களாகவும் அமைக்கப்பட்டதால் 2018 வரை அங்கே படம் எடுக்கத் தடை இருந்ததாம். ஏறக்குறைய ஒரு வெள்ளி கொடுத்தால் நாள் முழுவதும் கீழேயே ஒவ்வொரு நிலையமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சோர்சுவில் ஏறினால் அதே தடத்தில் கோஸ்மோனாவ்ட்லார் நிலையம் வரும். கருநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை மாறும் சுவரில் ககாரின், தெரெஷ்கோவா, அவர்களுக்கு முன்பே வானத்தை அளந்த உலுக் பேக்.

அதற்கு முன்னால் வருவது அலிஷேர் நவாயி நிலையம். வெண்ணிறக் குவிமாடக் கூரை. சுவரில் அவர் காவியங்களின் காட்சிகள். மொழிக் கழகத்து ஆள்கள் நாம் இந்த நவாயியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1441இல் பிறந்து 1501இல் மறைந்தவர். இன்று ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத் நகரத்துக்காரர். அவர் காலத்தில் அரசவைக்கும் கவிதைக்கும் உரிய மொழி பாரசீகம். துருக்கியம் வீட்டிலும் குதிரைக் கொட்டடியிலும் பேசும் மொழி என்ற எண்ணம் பரவியிருந்தது. அவரோ துருக்கியத்தில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 1499இல் இரு மொழிகளையும் வழக்கு மன்றத்தில் நிறுத்துவது போல் ஒரு நூலே செய்தார். பாரசீகத்தில் ஈடில்லாத துருக்கிய வினைச்சொற்கள் நூறு என்று அதில் எடுத்துக் காட்டுகிறார். அழுவதற்கு மட்டுமே வெவ்வேறு வினைகள்: மெல்ல விசும்பினால் ஒன்று, வாய்விட்டு அலறினால் வேறொன்று. நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்!

அந்த நிலையத்தில் நிற்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நிலையத்தின் பெயர் ரோமன் எழுத்தில் இருந்தது. வெளியே வந்தால் மருந்துக் கடைப் பலகை சிரில்லிக் எழுத்தில். பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடையின் பெயர் ரோமனில். உள்ளே உணவுப் பட்டியல் சிரில்லிக்கில். ஒரே மொழி, ஒரே தெரு. விடுதிக்குத் திரும்பி அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவளும் எங்களைப் போல் பல்கலைக்கழக மாணவி. விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள். 1920களின் கடைசி வரை அரபு எழுத்து. பிறகு ரோமன். 1940இல் சிரில்லிக். நாடு விடுதலை அடைந்து இரண்டாண்டு கழித்து, 1993இல், மீண்டும் ஒரு புதிய ரோமன் எழுத்துக்குச் சட்டம் போட்டார்கள். முழுதாக மாறுவதற்குக் குறித்த தேதி தள்ளிக்கொண்டே போய், இன்றும் இரண்டு எழுத்தும் சேர்ந்தே நடமாடுகின்றன. நூறு ஆண்டுக்குள் நான்கு எழுத்து!

சரி, சோற்றுக்கு வருகிறேன்.

அவர்கள் 'ஓஷ்' என்று சொல்வதைத்தான் உலகம் பலோவ் என்கிறது. நம் புலாவின் உறவுக்காரன். 2016இல் யுனெஸ்கோ அதைக் காக்க வேண்டிய பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அருகில் 'பெஷ் கோசோன்' என்ற பெரிய கடை இருக்கிறது. ஐந்து கொப்பரை என்று பொருள். நம் ஊர்க் கோயில் அன்னதானத்துக் கொப்பரைகளைப் பார்த்தவர்களுக்கே அந்தக் கொப்பரைகள் வியப்பூட்டும். காலையிலேயே சமையல் தொடங்கிவிடுகிறது. கொதிக்கும் எண்ணெயில் வெங்காயம், இறைச்சி. பிறகு தீக்குச்சி போல் நறுக்கிய மஞ்சள் கேரட் கூடை கூடையாக. சீரகம், கொண்டைக்கடலை, உலர்திராட்சை. தண்ணீர் ஊற்றிக் கொதித்து வற்றிய பிறகு அரிசியை மேலே பரப்புகிறார்கள். கிளறுவதில்லை. அரிசி அந்த ஆவியிலும் கொழுப்பிலுமே வேகிறது. மசாலை என்று பார்த்தால் சீரகத்தைத் தவிர அதிகம் இல்லை. முதல் கவளம் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. நான்காவது கவளத்தில் கேரட்டின் இனிப்பு பிடிபட்டது. அதன் பிறகு தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தேன். பகல் இரண்டு மணிக்குப் போனால் பெரும்பாலும் கொப்பரையின் அடிதான் மிச்சம். அதனால் முன்கூட்டியே போக வேண்டும்.

நம்மவர்கள் போனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பலோவில் பல கடைகளில் மாட்டிறைச்சி போடுவார்கள். மேலே குதிரை இறைச்சித் தொத்திறைச்சியையும் நறுக்கி வைப்பார்கள். நான் மாடு சாப்பிடுவதில்லை. 'கோய்' என்றால் ஆடு, 'மோல்' என்றால் மாடு. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஏழு நாளையும் ஓட்டினேன். கோலாலம்பூரில் எங்கே சாப்பிடப் போனாலும் ஹலால் சின்னத்தைத் தேடுவது என் தோழியின் வேலை. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். அங்கே அவள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, கடைக்குக் கடை நான் போய் விசாரித்துக்கொண்டிருந்தேன். இறைச்சி வேண்டாத வெள்ளிக்கிழமையில் பூசணிக்காய்ச் சோம்சா காப்பாற்றியது. நம் சமோசாதான், ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள்.

ரொட்டியும் அதே அடுப்பில்தான். 'நோன்' என்கிறார்கள். வட்டமாக, நடுவில் ஆணிகள் பதித்த ஓர் அச்சால் பூப்போலக் குத்தியிருக்கும். அதைக் கத்தியால் வெட்டாமல் கையால்தான் பிய்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் பாட்டிமார் உடனே எடுத்துத் திருப்பி வைக்கிறார்கள். தேநீருக்கும் முறை இருக்கிறது. முதலில் மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றித் திரும்பக் குடுவையிலேயே கொட்டுகிறார்கள். பிறகு விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுகிறார்கள். அரைக் கிண்ணம் என்றால் அடிக்கடி ஊற்றி உங்களைக் கவனிக்க ஆசை என்று பொருள். நிறைய ஊற்றிவிட்டால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தமாம். நம் மாமாக் கடையில் நிரம்ப நிரம்பத் தே தாரேக் குடித்துப் பழகிய எனக்கு இது புரிய இரண்டு நாளானது.

சோர்சு சந்தை ஒரு பெரிய நீலக் குவிமாடத்துக்குக் கீழே இருக்கிறது. சுற்றிலும் முலாம்பழம் மலையாகக் குவிந்து கிடந்தது. ஆகஸ்ட்டு அதற்குப் பருவம். என் தோழிக்கு அங்கே ஓர் ஆனந்தம். கித்தோப், துன்யோ, ஹபர், ரஹ்மத் என்று காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மலாய் போலவே கேட்டது. மலாய்க்கும் உஸ்பெக்குக்கும் உறவில்லை. இரண்டும் அரபியிடம் கடன் வாங்கியவை. சந்தையைக் குறிக்கும் 'போசோர்', நம் 'பாசார்' இரண்டும் பாரசீகத்திடம் கடன் வாங்கியது போலத்தான்.

அங்கே கொரியக் கிழவியர் வரிசையாக உட்கார்ந்து ஊறுகாய் விற்பதைப் பார்த்து வியந்தேன். 1937இல் ஸ்டாலின் ஆட்சி சோவியத்தின் கீழ்க்கோடியில் வாழ்ந்த கொரியர்களை இரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. கிம்ச்சிக்கு ஏற்ற கோசு கிடைக்காமல் கேரட்டைச் சீவி, பூண்டும் மிளகாயும் போட்டு ஊற வைத்தார்கள். அதுதான் இன்று ஊரெங்கும் விற்கும் 'மோர்கோவ்ச்சா'. என் நாக்குக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே காரம். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் பேசுவது ரஷ்ய மொழி. சமையல் மட்டும் தங்கிவிட்டது. எங்கள் தோட்டத்திலிருந்து வெளியேறிய சில குடும்பங்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் மீன் குழம்பு மணக்கும். பேச்சு மட்டும் வேறு மொழியில்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்காவும் நானும் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான். பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். இப்போது அக்கா மகளுக்கு ஐந்து வயது. அவளை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தேசியப் பள்ளியிலேயே முதலாம் ஆண்டு சேர்க்கப் போகிறேன் என்கிறாள் அக்கா. தமிழ்ப்பள்ளி காலை நெரிசலில் முக்கால் மணி நேரம். அத்தானும் அவளும் வேலைக்குப் போகிறவர்கள். "தமிழ் பேசுனா போதாதாடி? எழுத்து எதுக்கு? போன்ல எல்லாரும் ஏ பி சி டியிலதானே அடிக்கிறோம்?" இது அவள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முக்கால் மணி நேரம் என்பது முக்கால் மணி நேரம்தான். ஆனால் குடும்பப் புலனக் குழுவில் அக்கா ரோமன் எழுத்தில் தட்டும் தமிழை அம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, பாதியில் விட்டுவிட்டு எனக்கு அழைப்பார். "என்னம்மா எழுதிருக்கா உங்கக்கா? கொஞ்சம் படிச்சுச் சொல்லு." மலாய் நாளிதழ் படிப்பார்; தமிழ் நாளிதழ் ஒரு வரி விடாமல் படிப்பார். அந்த உடையில் வரும் தமிழ்தான் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மாலை விடுதிப் பெண்ணின் பாட்டி திராட்சைப் பந்தலின் கீழ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பாட்டியை அவர்கள் 'புவி' என்று அழைக்கிறார்கள். நமக்கு உலகமே பாட்டியானது போல் தோன்றும். புவி படிப்பது சிரில்லிக். பேத்தி பள்ளியில் படித்தது ரோமன். ரஷ்ய மொழியும் படித்ததால் சிரில்லிக்கையும் படித்துவிடுவாள். பேத்தி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் புவி கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் படிப்பாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சுவாக்கில் புவி உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தார். உள்ளே அட்டை போன ஒரு சிறு கணக்கேடு. புவியின் தகப்பனார் திருமண வீடுகளுக்கு ஓஷ் சமைப்பவராம். அவர் அரபு எழுத்தில் எழுதிய உஸ்பெக். 1930களில் அரபு எழுத்தில் எது இருந்தாலும் ஆபத்து என்று பயந்து பலர் ஏடுகளை எரித்தார்கள், புதைத்தார்கள், சுவருக்குள் வைத்துப் பூசினார்கள். இது எப்படியோ தப்பியிருக்கிறது. ஆனால் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. மதப் புத்தகமோ என்ற எண்ணத்தில் மரியாதையாக உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

என் தோழி எட்டிப் பார்த்தாள். ஜாவி படித்தவள் அல்லவா! விரலை வலப்பக்கம் வைத்து மெல்ல எழுத்துக் கூட்டினாள். "ஸீன்... பா... ஸா... யா. சப்ஸி?" அவளுக்கு அதன் பொருள் தெரியாது. பேத்தி துள்ளி எழுந்தாள். "சப்ஸி! கேரட்!" அடுத்து "பி...யோஸ்". வெங்காயம். அடுத்து "யோக்". எண்ணெய். தோழி ஒலியை மட்டும் சொல்ல, பேத்தி பொருளைச் சொல்ல, நான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எண்கள். ஏதோ ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு கேரட் என்ற கணக்கு. சில சொற்கள் கடைசி வரை பிடிபடவில்லை. புவி வாயைத் திறக்கவில்லை. முந்தானை போன்ற தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். தகப்பனார் இறந்தபோது தனக்கு ஒன்பது வயது என்று பிறகு பேத்தி மூலம் சொன்னார்.

உஸ்பெக் மொழியின் முதல் நாவல் என்று போற்றப்படும் அப்துல்லா காதிரியின் நூலும் 1920களில் அந்த எழுத்தில்தான் வந்தது. அவரை 1938இல் சுட்டுக் கொன்றார்கள். நூல் பிழைத்து, எழுத்து மாறி மாறி அச்சாகி, இன்றும் எல்லாரும் படிக்கிறார்கள். பெரிய நூல்களை எழுத்து மாற்றிக் கொடுக்க ஆள்கள் இருக்கிறார்கள். சமையல்காரரின் கணக்கேட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

நம் எழுத்தும் மாறியதுதான். பாட்டியின் பழைய மகாபாரதப் புத்தகத்தில் துதிக்கை வைத்த னை, லை இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்குப் பிறகு அவை மறைந்தன. ஆனால் அதைப் படிக்க எனக்கு ஐந்து நிமிடப் பழக்கம் போதுமாக இருந்தது.

மறுநாள் சாஸ்திரி தெருவுக்கு நான் மட்டும் போய் வந்தேன். இந்தியாவும் பாகிஸ்தானும் 1966 ஜனவரி 10ஆம் நாள் தாஷ்கண்டில் உடன்படிக்கை செய்துகொண்டன. அன்றிரவு கடந்ததும், 11ஆம் நாள் அதிகாலையில், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி இங்கேயே இறந்துபோனார். அவர் பெயரில் தெருவும், அங்கே மார்பளவுச் சிலையும் இருக்கின்றன. 1965இல் தமிழ்நாடு மொழிக்காகக் கொந்தளித்தபோது, ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்கைக் காப்பேன் என்று வானொலியில் உறுதி சொல்ல வேண்டியிருந்த பிரதமர் இவர்தான். அடுத்த ஆண்டே இவ்வளவு தூரத்தில் முடிவு. சிலைக்குக் கீழே யாரோ வைத்த பூ காய்ந்திருந்தது.

கடைசி இரவு பேத்தி தன் குறிப்பேட்டில் 'சப்ஸி' என்று மூன்று எழுத்தில் எழுதி, என்னிடம் நீட்டினாள். நானும் தமிழில் எழுதினேன். அந்த 'ஸ' ஒலிக்கு நம்மிடம் சரியான எழுத்தில்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றினேன். புவி ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று கேட்டார். புறப்படும்போது இரண்டு நோன் கட்டிக் கொடுத்தார்.

அந்த நோனை அம்மா தோசைக்கல்லில் சுட்டு, பருப்புக் குழம்போடு எல்லாருக்கும் பரிமாறினார். நன்றாகவே சேர்ந்தது. ஓஷ் செய்முறையைத் தமிழில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். மஞ்சள் கேரட் கிடைக்கவில்லை; சிவப்புக் கேரட்டில்தான் அம்மா செய்தார். கணக்கேட்டின் கதையை அக்காவிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிப் பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். தமிழ்ப்பள்ளிக்கு வேன் கட்டணம் மாதம் எவ்வளவு என்று மட்டும் யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாள்.